மாலை ஐந்து மணிக்கும் நின்றவர்கள்

(பங்கின் நூற்றாண்டு விழாவையொட்டி, தொழிலாளரான புனித சூசையப்பர் திருநாளாகிய மே முதல் நாள் மாலை நடைபெற்ற கூட்டத்தில், நம் பள்ளியின் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

விழாவில் பேச வேண்டும் என்று பங்குத் தந்தை சொன்னபோது, கோயில் எழும்பிய வரலாற்றையும் தேர்பவனியின் சிறப்பையும் பேசலாம் என்று குறிப்பெடுத்து வைத்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டு அவர், "சார், இவற்றைப் பேச நாலு பேர் இருக்கிறார்கள். மைன்ஸ் மூடியபின் ஐம்பது வயதுக்காரர்கள் பட்ட பாட்டைக் கூடவே இருந்து பார்த்தவர் நீங்கள். அதைப் பேசுங்கள்" என்றார். எனக்குச் சற்றுத் தயக்கமாகவே இருந்தது. விழா நாளில் கண்ணீர்க் கதை வேண்டாமே என்பது மட்டும் அதற்குக் காரணம் அன்று. அந்தக் கதையில் என் தவறும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் பேச முடியாது, சொல்லவும் கூச்சம். இருந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று வந்து நிற்கிறேன்.

நம் ஊரின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். இளைஞர்களுக்காகச் சுருக்கிச் சொல்கிறேன். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே வந்தது. வட ஆர்க்காட்டிலிருந்தும், சேலம், தர்மபுரிப் பக்கங்களிலிருந்தும் நம் முன்னோர் வந்து லைன் வீடுகளில் குடியேறினார்கள். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. நாட்டின் பெரிய நகரங்கள் பலவும் மண்ணெண்ணெய் விளக்கில் இருந்த காலம் அது. 1956-இல் மைசூர் அரசும், 1962-இல் மத்திய அரசும் சுரங்கத்தை எடுத்துக்கொண்டன. 1972-இல் அது அரசு நிறுவனமாயிற்று. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அடி ஆழத்தில் பாறையின் சூடு அறுபது பாகைக்கும் மேல். ஏறக்குறைய நூற்றிருபது ஆண்டுகளில் எண்ணூறு டன் தங்கம் இந்த மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது என்று கணக்குச் சொல்கிறார்கள். எடுத்தவர்களின் வீட்டில் எத்தனை குந்துமணி தங்கம் இருந்தது என்று யாரும் கணக்கெடுத்ததில்லை.

தங்கத்தின் அளவு குறைந்தது. எடுக்கும் செலவு கூடியது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாளோடு சுரங்கம் மூடப்பட்டது. மூடியது சரியா தவறா என்று வாதிட நான் இங்கே வரவில்லை. அதைப் பேச அறிந்தவர்கள் இருக்கிறார்கள். நான் பேச வந்தது மறுநாள் காலையைப் பற்றி. ஷிப்டுக்குச் சங்கு ஊதினால் ஊரே எழுந்துகொள்ளும். ஊதினால் ஊரே சாப்பிட உட்காரும். மறுநாள் அந்தச் சங்கு இல்லை. பழக்கம் போகாமல் விடியுமுன் எழுந்து, முகம் கழுவி, சட்டை போட்டு, வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்களை நான் பார்த்தேன். எங்கே போவதென்று தெரியாத உடுப்பு அது.

அன்று வேலையிழந்தவர் மூவாயிரத்துக்கு மேல். எல்லாருக்கும் கஷ்டம்தான்; ஆனால் ஒரே அளவு அன்று. இருபத்தெட்டு வயதுக்காரர் மூட்டை கட்டிக்கொண்டு பெங்களூருக்கோ ஓசூருக்கோ போனார். ஓய்வு வயதை நெருங்கியிருந்தவர் எப்படியும் வரவேண்டிய நாள் கொஞ்சம் முன்னால் வந்தது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார். இடையிலே நாற்பத்தைந்துக்கும் ஐம்பத்தைந்துக்கும் நடுவில் இருந்தவர்கள்தான் அகப்பட்டுக்கொண்டார்கள். ஏன் என்று பாருங்கள்.

முதலாவது, அவர்களுடைய தொழில். கேஜை இறக்கி ஏற்றும் விண்டிங் டிரைவர் எவ்வளவு பெரிய தொழிலாளி! நூறு உயிர் அவர் கையில். சரிந்து விழும் பாறைக்கு மரம் முட்டுக் கொடுக்கும் டிம்பர்மேன், தட்டிப் பார்த்த ஓசையிலேயே பாறை நிற்குமா விழுமா என்று சொல்லிவிடுவார். ஆனால் மேலே வந்து இந்தத் தொழிலை யாரிடம் விற்பது? முப்பது ஆண்டுகள் கற்ற வித்தைக்கு ஒரே ஒரு கடைதான் இருந்தது. அந்தக் கடையையும் மூடிவிட்டார்கள்.

இரண்டாவது, நெஞ்சு. பாறைத் தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ் நோய்க்கு, மருத்துவப் பாடநூல்களே நம் கோலார்ச் சுரங்கத்தை உதாரணம் காட்டுகின்றன. அது படிந்த அன்றே தெரிவதில்லை. பல ஆண்டு கழித்துத் தெரியும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறவரைப் புதிய முதலாளி யார் சேர்த்துக்கொள்வார்?

மூன்றாவது, வீட்டுச் செலவு. மனிதனுக்குச் செலவு மிகுதியாக வரும் காலமே அந்த ஐம்பதுதான். பையன் பாலிடெக்னிக்கில், பெண்ணுக்கு வரன் வந்துகொண்டிருக்கிறது, கிராமத்தில் தாய் படுத்த படுக்கை. கணக்கு முடித்துக் கொடுத்த பணம் மொத்தமாக வந்தது உண்மை. வந்த வழி ஒன்று. போன வழி நாலு. கடன்காரர் ஒருபுறம், கல்யாணம் ஒருபுறம். ஆட்டோ வாங்கி ஓட்டியவர் சிலர். ஊரில் ஓட்டுபவர் ஆயிரம் பேரானால் ஏறுபவர் யார்? மாதா மாதம் வருகிற ஆயிரத்துக்கும், ஒரே நாளில் வருகிற லட்சத்துக்கும் உள்ள வேறுபாட்டை அந்த இரண்டு ஆண்டுகளில் இந்த ஊர் கற்றுக்கொண்டது.

நான்காவது, வயது என்னும் கட்டம். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் மாலை வேளைகளில் என் வீட்டுத் திண்ணை ஒரு சிறிய ஆபீஸ் போல இருக்கும். வேலைக்கு மனு எழுத ஆங்கிலமும் கன்னடமும் தெரியாதவர்கள் வருவார்கள். நான் எழுதிக் கொடுப்பேன். பெயர், தகப்பனார் பெயர், முகவரி எல்லாம் சரளமாக வரும். 'வயது' என்ற இடத்தில் பேனா நின்றுவிடும். ஒருநாள் ஒருவர் – அவருடைய இரண்டு பிள்ளைகளும் என்னிடம் படித்தவர்கள் – மெதுவான குரலில் கேட்டார்:

"சார், நாற்பத்திரண்டுன்னு போட்டுடலாமா?"

"சர்டிபிகேட் கேட்பாங்களே, ஐயா. உண்மையில எத்தனை?"

"ஐம்பத்தொண்ணு. ஆனா சார், கீழே இருக்கும்போது யாரும் என்னை வயசு கேட்டதில்லை. மேலே வந்ததும் எல்லாரும் அதைத்தான் கேட்கிறாங்க."

நான் ஐம்பத்தொன்று என்றே எழுதினேன். அந்த மனுவுக்குப் பதில் வரவே இல்லை.

கடைசியில் அவர் பெங்களூரில் இரவுக் காவலாளி ஆனார். மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயில் உங்களுக்குத் தெரியும். இங்கிருந்து பெங்களூர் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். நம் மக்களில் ஆயிரக்கணக்கானவர் அந்த ரயிலில்தான் பாதி வாழ்நாளைக் கழித்தார்கள், இன்றும் கழிக்கிறார்கள். ஐம்பத்தொரு வயதில் இவர் அதில் ஏறினார். ஒரு பெரிய கட்டடத்தின் வாயிலில், தம் மகன் வயதுப் பிள்ளைகளுக்குச் சல்யூட் அடிக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது.

அவர் பூசைக்கு வருவது நின்றுபோயிற்று. நாம் என்ன பேசினோம் தெரியுமா? "வேலை போனதும் விசுவாசமும் போயிற்று" என்றோம். "குடிக்கிறாராம்" என்றும் யாரோ சொன்னார்கள். ஒருவராவது வீட்டுக்குப் போய்க் கேட்டோமா? பல மாதம் கழித்து அவருடைய மனைவி என் மனைவியிடம் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. லீவு கிடைத்த ஞாயிறுகளில்கூட அவர் வரவில்லை. காரணம் ஒன்றே ஒன்று. பூசை முடிந்து வெளியே வந்தால் நாலு பேர் கேட்பார்கள்: "இப்போ என்ன பண்றீங்க?" அந்தக் கேள்விக்குப் பயந்து ஒரு மனிதர் கோயிலுக்கு வராமல் இருந்தார்.

இனி என் தவறைச் சொல்கிறேன். 2003-ஆம் ஆண்டு என்று நினைவு. நம் பள்ளியில் பியூன் வேலை ஒன்று காலியாயிற்று. தேர்ந்தெடுக்க உட்கார்ந்த மூவரில் நானும் ஒருவன். சுரங்கத்தில் வேலை பார்த்த ஒருவர் மனு கொடுத்திருந்தார். வயது ஐம்பத்திரண்டு. நேரம் தவறாதவர், பொய் பேசாதவர், பங்கில் எல்லாருக்கும் தெரிந்தவர். இன்னொரு மனு இருபத்து நான்கு வயதுப் பையனுடையது. "ஓடியாடி வேலை செய்ய வயதுப் பையன்தான் சரி" என்று முதலில் சொன்னவன் நான்தான். மற்ற இருவரும் தலையசைத்தார்கள். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. திண்ணையில் உட்கார்ந்து, "ஊரார் வயதைப் பார்த்து ஒதுக்குகிறார்களே" என்று யாருக்காக அங்கலாய்த்தேனோ, அவர்களில் ஒருவரை நானும் அதே கட்டத்தைப் பார்த்து ஒதுக்கினேன். அந்தப் பையன் எட்டு மாதத்தில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டான். அதில் அவன் தவறு ஒன்றுமில்லை. ஆனால் பெரியவரை மறுபடி கூப்பிட எங்களுக்கு முகமில்லை. அவர் இன்று நம்மிடையே இல்லை. அவரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை உங்கள் முன்னிலையில் கேட்கிறேன்.

மத்தேயு நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்தில் வரும் திராட்சைத் தோட்டக்காரரின் உவமையைச் சிறு வயது முதல் கேட்டு வருகிறோம். விடியற்காலையில் வந்தவனுக்கும் கடைசி மணிநேரத்தில் வந்தவனுக்கும் ஒரே கூலி. முணுமுணுத்தவர்கள் பக்கம்தான் நியாயம் என்று நானும் பல நாள் மனத்துக்குள் நினைத்ததுண்டு. சுரங்கம் மூடியபிறகுதான் அந்த உவமையை வேறு விதமாகக் கேட்டேன். மாலை ஐந்து மணிக்கும் சந்தைவெளியில் நின்றுகொண்டிருந்தவர்கள் யார்? சோம்பேறிகள் என்றால் வீட்டுக்குப் போயிருப்பார்களே! பொழுது சாயும்வரை நின்றார்கள் என்றால், வேலை வேண்டும் என்றுதான் நின்றார்கள். தோட்டக்காரர் கேட்டபோது அவர்கள் சொன்ன பதில், தங்களை யாரும் அழைக்கவில்லை என்பதுதான். கூலிக்கு ஆள் எடுப்பவர் காலையில் யாரை முதலில் அழைப்பார்? தோள் வலுத்தவனை. கடைசிவரை நின்றவர்களில் நரைத்த தலைகள்தான் அதிகம் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு மணிநேரமே உழைத்தாலும், அவர்கள் வீட்டில் அடுப்பு எரிய முழுநாள் கூலி வேண்டும். அதை அந்தத் தோட்டக்காரர் அறிந்திருந்தார்.

நம் திருச்சபை இதை உவமையோடு நிறுத்திவிடவில்லை. 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் நிலைபற்றிச் சுற்றுமடல் எழுதினார். அதன் தொண்ணூறாம் ஆண்டில், 1981-இல், திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் மனித உழைப்பைப் பற்றி மற்றொரு மடல் எழுதினார். வேலையிழந்தவர்களின் பிழைப்புக்கு உதவி கிடைக்கச் செய்வது சமுதாயத்தின் கடமை என்று அதில் வற்புறுத்தினார். அவர் ஏட்டறிவை மட்டும் கொண்டு எழுதியவர் அல்லர். இளமையில், போலந்து நாடு நாஜிகளின் பிடியில் இருந்தபோது, கல் குவாரியில் கல் உடைத்தவர். பாறைத் தூசி எப்படியிருக்கும் என்று அறிந்தவர். இன்று நாம் கொண்டாடும் திருநாளை 1955-இல் ஏற்படுத்தியவர் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர்.

பெரியோர்களே! கால் நூற்றாண்டுக்கு முந்திய கதையை இப்போது ஏன் பேச வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அன்று இருபத்தைந்து வயதில் பெங்களூர் ரயில் ஏறிய நம் பிள்ளைகளுக்கு இன்று ஐம்பது. தையல் ஆலைகளில், காவல் வேலையில், கான்ட்ராக்ட் வேலைகளில் இருக்கிறார்கள். தகப்பனுக்குச் சுரங்கம் ஒரே நாளில் மூடியது. மகனுக்கும் மகளுக்கும் அப்படி ஒரு நாள் வருவதில்லை. கண் மங்கியது, கை தாமதிக்கிறது, கான்ட்ராக்ட் மாறியது என்று ஒவ்வொருவராக, ஓசையில்லாமல் நிற்கிறார்கள். சங்கு நின்றால் ஊருக்குத் தெரியும். ஒருவர் நின்றால் யாருக்குத் தெரியும்?

2016 ஏப்ரலில் பெங்களூர்த் தையல் தொழிலாளிகள், பெரும்பாலும் பெண்கள், ஆயிரக்கணக்கில் சாலைக்கு வந்தது நினைவிருக்கும். சேமநல நிதியில் முதலாளி கட்டும் பங்கை 58 வயதுக்கு முன் எடுக்க முடியாது என்ற புதிய விதியை எதிர்த்து எழுந்தார்கள். இரண்டே நாளில் அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது. முதுமைக்குச் சேமிப்பது நல்லதுதானே, இவர்கள் ஏன் மறுக்கிறார்கள் என்று படித்தவர்கள் சிலர் கேட்டார்கள். நம் தெருப் பெண்ணொருத்தி எனக்குச் சொன்ன விடை இது: "சார், ஐம்பத்தெட்டு வரைக்கும் என்னை யார் வேலைக்கு வச்சிருப்பாங்க? நாற்பத்தைந்துல அனுப்பிட்டா நடுவுல பதின்மூணு வருஷம் நான் எதைச் சாப்பிடறது?" அந்தப் பதின்மூன்று ஆண்டுகளைப் பற்றித்தான் நான் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

சட்டம் சிறிது கைகொடுக்கும். ஆட்குறைப்புச் செய்தால், முடித்த ஆண்டு ஒவ்வொன்றுக்கும் பதினைந்து நாள் ஊதியம் இழப்பீடு என்று பழைய தொழில் தகராறுச் சட்டம் சொன்னது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டமும் அந்தக் கணக்கை வைத்திருக்கிறது. கடைசியில் சேர்ந்தவரே முதலில் வெளியேற வேண்டும் என்ற பொது விதியும் உண்டு. நீண்ட நாள் உழைத்தவருக்கு அது ஒரு வேலி. ஆனால் ஆலை முழுவதுமே மூடினால் அந்த வேலி எதைக் காக்கும்? கான்ட்ராக்டில் ஆண்டுக்கொரு பெயரில் சேர்க்கப்பட்டவர், தாம் நீண்ட நாள் உழைத்ததை எப்படிக் காட்டுவார்? ஆகவே சட்டத்தை அறிந்துகொள்வோம். அது மட்டும் போதும் என்று இருந்துவிட வேண்டாம்.

நம் பங்கு என்ன செய்யலாம்? என் சிற்றறிவுக்கு எட்டிய ஐந்தைச் சொல்கிறேன்.

ஒன்று. பூசை முடிந்து வெளியே வருகிறவரிடம், "இப்போ என்ன பண்றீங்க?" என்று கேட்பதை விட்டுவிடுவோம். "எப்படி இருக்கீங்க? வீட்டுக்கு வாங்க" என்போம். இதற்குச் செலவில்லை.

இரண்டு. ஞாயிறு வேலைக்குப் போகிறவர்களைக் கணக்கெடுத்து, அவர்கள் வரக்கூடிய ஒரு மாலையில் திருப்பலி வைக்கும்படி பங்குத் தந்தையிடம் விண்ணப்பிப்போம். அவர் சிரிப்பதைப் பார்த்தால் இசைவு தந்துவிட்டார் என்றே தோன்றுகிறது.

மூன்று. மாதத்தில் ஒரு மாலை இந்த மன்றத்தில் படிவம் எழுதும் திண்ணை ஒன்று வைப்போம். சேமநல நிதி, ஓய்வூதியம் பற்றி நம்மவர் அறியாமல் இழப்பது மிகுதி. 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டப்படி, பத்து ஆண்டு பணி உள்ளவருக்கு 58 வயதில் ஓய்வூதியம் உண்டு. 50 வயது முதலே கேட்டு வாங்கலாம். ஆனால் குறைகிற ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு வீதம் குறையும். 58 வந்தபின் அது பழையபடி ஏறிவிடாது. அவசரத்தில் கையெழுத்துப் போடுமுன் ஒருவரைக் கேட்க வேண்டும். வேலை மாறும்போது பழைய கணக்கைப் புதியதோடு சேர்க்க வேண்டும். பத்தாண்டு முடியுமுன் ஓய்வூதியப் பணத்தை எடுத்துவிட்டால், உழைத்த அந்த ஆண்டுகள் கணக்கிலிருந்து மறைந்துவிடும். மாதம் ஆயிரம் ரூபாய் என்ற குறைந்த அளவுகூட 2014-இல்தான் வந்தது. சிறு தொகைதான், ஆயினும் யாரிடமும் கை நீட்டாமல் வரும் தொகை.

நான்கு. வின்சென்ட் தே பவுல் சபையார் அரிசியும் மருந்தும் கொடுப்பதை நான் குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் முப்பது ஆண்டு உழைத்த கைக்கு அரிசிப்பை கனமாக இருக்கும். முடிந்த இடத்திலெல்லாம் வேலையாகக் கொடுங்கள். அதற்குச் சரியான கூலியும் கொடுங்கள். கோயில் வேலைதானே, சேவையாகச் செய்யட்டும் என்று சொல்லாதீர்கள்.

ஐந்து. நம் பங்கிலும், பள்ளியிலும், நீங்கள் நடத்தும் கடைகளிலும் ஆள் எடுக்கும்போது, நாற்பத்தைந்து தாண்டியவரின் மனுவை முதலில் படிப்போம். எடுத்தே தீரவேண்டும் என்று சொல்லவில்லை. வயது என்ற கட்டத்தைப் பார்ப்பதற்கு முன்னால், செய்த வேலை என்ற கட்டத்தைப் பார்ப்போம். அன்று நான் செய்யத் தவறியது இதுதான்.

இறுதியாக ஒன்று. இந்தக் கோயிலுக்கு இந்த ஊரின் உழைப்பாளிகள் கொடுத்த காணிக்கையெல்லாம் சம்பள நாளில் எண்ணிக் கொடுத்த சில்லறை. வேலை இருந்த நாளில் அவர்கள் கோயிலைத் தாங்கினார்கள். வேலை போன நாளில் கோயில் அவர்களைத் தாங்கியதா என்று அடுத்த நூற்றாண்டு விழாவில் யாராவது கேட்பார்கள். பொழுது சாய்ந்த பின்னும் சந்தைக்கு வந்து, நிற்பவர்களைத் தேடிப்போன அந்தத் தோட்டக்காரரைப் போல நாமும் ஒருமுறை வெளியே போய்ப் பார்ப்போம். நம் தெருவிலேயே யாராவது நின்றுகொண்டிருப்பார்கள்.